முறைத் தண்ணிக்கு வந்த பிளசர்

பழனிமுத்துவுக்குக் கண்ணைத் திறந்துகொண்டே கனாக் காண்கிற வியாதி இருந்தது. வியாதி என்று பேர் வைத்தவள் அவன் தங்கச்சி மருதாள். சின்ன வயசில் ஆடு மேய்க்க அனுப்பினால் ஆடு ஒரு காட்டில் மேயும், இவன் வேறொரு காட்டில் வானத்தைப் பார்த்து நிற்பான். அப்பேர்ப்பட்டவன் பண்ணையத்தை விட்டுப்போட்டுத் திருப்பூரில் வாடகைக்குக் கார் ஓட்டப் போகிறேன் என்றதும் சொந்தம், ஒறம்பரை மொத்தமும் தலையில் அடித்துக்கொண்டது. "கனாக் காண்றவன் கையில ஸ்டேரிங்கா! ஏறுனவங்க ஊடு வந்து சேர்ந்த மாதிரித்தான்!" என்று கைகொட்டிச் சிரித்தார்கள். மருதாள் ஒருத்திதான் கைவளையலைக் கழட்டி அண்ணன் கையில் வைத்தாள். "வாங்குங்ணா. என்ற புள்ளைய அவ கல்யாணத்துக்கு இந்தப் பிளசர்லதான் நீங்க கூட்டிட்டுப் போகோணும், ஆமா" என்றாள். புள்ள தெய்வாத்தாள் அப்போது பால்பல் விழுந்த ஓட்டை வாயோடு பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்படி வந்த பிளசர் அது. கறுப்பு ஆஸ்டின். யாரோ ஒரு மில் முதலாளி ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சந்துக்குச் சந்து முளைத்துக்கொண்டிருந்த காலம். சரக்குப் பார்க்க வருகிற வியாபாரிகளையும், இடுப்பு வலி கண்ட பெண்களையும், மாலையும் கழுத்துமான மாப்பிள்ளைகளையும் சுமந்துகொண்டு அது வருஷக்கணக்கில் ஓடியது. பழனிமுத்து ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே மேகத்தில் ஒரு கோயிலைக் கட்டி, கோபுரம் ஏற்றி, கும்பாபிஷேகமும் பண்ணி முடித்துவிடுவான். ஆனால் ஒரு கோழிக்குஞ்சைக்கூட வண்டி தொட்டதில்லை. மனசு எங்கே மேய்ந்தாலும் கால் பிரேக்கை விட்டு அகலாது. அதையும் சொல்ல வேண்டுமல்லவா.

அறுபத்தேழு எலெக்‌ஷன் முடிந்து ஊரெல்லாம் புதுக்கொடி பறந்த கோடை. மழை ஏமாற்றிவிட்ட வருஷம். பல்லடம் ரோட்டில் வரும்போது வானத்தில் ஒற்றை மேகம் நின்றது. அது கறுக்கிறது, திரள்கிறது, இதோ காடெல்லாம் நனைகிறது என்று பழனிமுத்து பார்த்துக்கொண்டே வந்தான். ஆயில் முள் சாய்ந்து சாய்ந்து பூஜ்யத்தில் படுத்ததை மட்டும் பார்க்கவில்லை. கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. இடி இடிக்கிறது என்றே நினைத்தானாம், பாவி. அப்புறம் டமாரென்று ஒன்று. வண்டி நின்றது. மேகமும் கலைந்துபோயிருந்தது.

வேலம்பாளையத்தில் ஆறுமுகசாமியின் பட்டறைக்கு மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆறுமுகசாமி தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பனியன் நெய்கிற மிஷின் ரிப்பேர்தான் அவருக்குச் சோறு போட்டது. கார் என்றால் ஆசை. அவர் அப்பன் காலை விட்டு மிதித்த தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. சுவரை இடித்துக் கதவை அகலமாக்கி, அந்தக் குழிமேல் காரை நிறுத்தி, உள்ளே இறங்கி நின்று அடியில் பார்ப்பார். முருகன் நமக்கென்றே வெட்டி வைத்த குழி என்று பெருமை வேறு. அன்றைக்கு இறங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ராடு ஒடிந்து, எஞ்சின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்தார்.

"ஒட்டு வெச்சாலும் நிக்காதுங்க பழனிமுத்து. புது எஞ்சின் மெட்ராசுல இருந்து வரோணும். அந்தச் செலவுக்கு இந்த மாதிரி ரெண்டு வண்டி வாங்கிக் கட்டலாம். சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிப்போகும்."

"வேற வழி இல்லீங்களா?"

"இருக்குதுங்க. பேரீச்சம்பழம்."

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவனைச் சொன்னார். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். பழனிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரந்தான் மருதாள் வெற்றிலை பாக்கோடு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: வைகாசி வளர்பிறையில் தெய்வாத்தாளுக்குக் கல்யாணம், திருமுருகன்பூண்டிக் கோயிலில். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் எகத்தாளம் பேசுகிறவர்கள். "மாமன் பிளசரா? அது பூண்டி வரைக்கும் ஓடுமாக்கும்?" என்று கேட்டார்களாம். "பறக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பொண்ணு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய தாய்மாமன், பொண்ணைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனால் அவள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? வளையல் போட்ட கை வெறுங்கையாகி எத்தனை வருஷம்!

சொல்லித்தானே ஆகவேண்டும் என்று, மறு நாள் தங்கச்சி ஊருக்குப் பஸ் ஏறினான். வீரபாண்டி தாண்டிப் பஸ் ஒரு வேப்பமரத்தடியில் ஆள் இறக்க நின்றது. அப்போது அவன் காரின் சத்தம் கேட்டது.

கனாதான் என்று முதலில் விட்டுவிட்டான். ஆனால் சத்தம் விடவில்லை. அதே தொண்டை. மூச்சு வாங்கி வாங்கி, நடுவில் ஒரு சின்ன இருமலோடு, அவனுடைய ஆஸ்டின் தெற்கே காட்டுக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பட்டறைக் குழிமேல் செத்துக் கிடக்கிற வண்டி இங்கே எப்படி ஓடும்? பழனிமுத்து பஸ்ஸை விட்டு இறங்கினான். கண்டக்டர் கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல், வரப்பு வரப்பாகச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். போகிற வழியெல்லாம் பருத்தி, மஞ்சள் மஞ்சளாய்ப் பூவெடுக்கத் தொடங்கியிருந்தது. எவ்வளவு நடந்தாலும் கார் கண்ணில் படவில்லை. சத்தம் மட்டும் கிட்டக் கிட்ட வந்தது.

கடைசியில் ஒரு கிணற்றுமேட்டில் போய் நின்றான். ஓலைக் கொட்டகைக்குள், கல் மேடையில் போல்ட்டு வைத்து இறுக்கின ஒரு எஞ்சின். சக்கரமில்லை, சீட்டில்லை, கூடு இல்லை. தன் காரின் நெஞ்சு மட்டும் தனியாக உட்கார்ந்து துடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு குழாய் வழியாகத் தானும் குடித்துக்கொண்டு, வாய்க்காலுக்கும் இறைத்துக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் கோர்த்துக்கொண்டது.

வாய்க்காலில் மம்பட்டியோடு நின்ற அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சேலை. பேர் குழந்தையம்மாள். புருஷன் போய் இரண்டு வருஷம்.

"ஆரு தம்பி? எங்கிருந்து வாறீங்க?"

"ஏனுங்க்கா, இது ஆஸ்டின் கார் எஞ்சினுங்களா?"

"ஆமாங். எங்கூட்டுக்காரரு கோயமுத்தூர்ல ஒடைக்கப் போட்ட வண்டியில இருந்து கழட்டிட்டு வந்து வெச்சாரு. ஏனுங் தம்பி, கண்ணுல தண்ணி வருது?"

"புகைங்க்கா" என்றான் பழனிமுத்து.

அந்தப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. செத்த காரின் எஞ்சின் கிணற்றுக்குப் போகும். பெட்ரோலில் கிளப்பிச் சீமெண்ணெயில் ஓட்டுவார்கள். கிணற்றிலிருந்து காருக்குத் திரும்பி வந்த எஞ்சின் எதுவும் அதுவரைக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. பழனிமுத்து கொட்டகை நிழலில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னான். அந்த அம்மாளும் தன் கதையைச் சொன்னாள். அது பங்குக் கிணறு. பெரும்பங்கு கொழுந்தனார் மணியனுக்கு. இவளுக்கு எட்டு நாளைக்கு ஒரு காலைதான். பொழுது கிளம்பினால் இவள் முறை, உச்சி சாய்ந்தால் தண்ணீர் மணியனுடையது. எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடி சுற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். அவளால் ஆகிற காரியமில்லை. மணியனின் பண்ணையாள் வந்துதான் சுற்றிவிட வேண்டும். அவன் தன் சோலியெல்லாம் முடித்து, பழைய சோறு குடித்து, வெற்றிலை போட்டு, ஆடி அசைந்து வருவான்.

"பாதி முறை எஞ்சின் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போயிருதுங் தம்பி. இந்தப் பருத்தியும் போச்சுன்னா, தோட்டத்தக் குத்தகைக்கு உட்டுப்போட்டு அண்ணன் ஊட்டுக்கே போயிருன்னு சொல்றாங்க. நான் எங்கீங் போறது? இருந்தா இந்தத் தோட்டத்துலதான் இருப்பேன்."

பழனிமுத்து மெல்ல வாயைத் திறந்தான். "எஞ்சினைக் குடுப்பீங்களா?"

"விக்க மாட்டனுங்." மம்பட்டியில் ஒட்டின சேற்றைக் காலால் தள்ளிவிட்டு யோசித்தாள். "வாரத்துக்குத் தாரேன்."

மாட்டைத்தான் வாரத்துக்கு விடுவார்கள். ஒருத்தர் மாடு, இன்னொருத்தர் தீனி. உழைப்பில் இரண்டு பேருக்கும் பங்கு. எஞ்சினை வாரத்துக்கு விட்ட முதல் ஆள் குழந்தையம்மாளாகத்தான் இருக்கும்.

"எடுத்துட்டுப் போயி உங்க பிளசர்ல மாட்டிக்கங்க. என்ற முறையன்னிக்குப் பொழுது கிளம்பறப்ப வண்டி இங்க நிக்கோணும். தண்ணி எடுத்துக் குடுத்துட்டு உங்க சோலிக்குப் போங்க. எனக்குக் காசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒரு முறை தப்புச்சுன்னா எஞ்சின் இங்க திரும்பி வந்துரோணும்."

"காரைக் கிணத்துல எப்படீங்க்கா பூட்டறது?"

"அது உங்க பாடு. எனக்கு மாட்டைத்தான் பூட்டத் தெரியும்."

ஆறுமுகசாமி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். கிணற்று எஞ்சின் வந்து சேர்ந்தது. உள்ளே பார்த்தால், வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து, தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் சுண்ணாம்பு கட்டிக் கிடந்தது. இதோடு ரோட்டில் ஓட்டினால் அவினாசி போகும் முன்னே கொதித்துவிடும். அவர் வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து, "பித்தளைக் கொடத்துக்குப் போடறதப் போடுங்களேன்" என்றாள். பானை பானையாகப் புளித்தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் ரசம் மணந்தது. அப்புறம் பின்சக்கரம் ஒன்றுக்குப் பதிலாய் மாட்டிக்கொள்ள ஓர் இரும்பு உருளை கடைந்து கொடுத்தார். வண்டியின் பின்பக்கத்தை ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டி, அந்த இடத்தில் உருளையை முடுக்கி, உருளைக்கும் பம்புக்கும் பெல்ட்டு போட்டால் தீர்ந்தது. உருளை சுற்றும், தண்ணீர் வரும், வண்டி மட்டும் இடத்தை விட்டு நகராது.

எஞ்சின் உயிர் வந்ததும் பழனிமுத்து ஊரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தான். பழைய எஞ்சின் மாதிரி இது துடுக்குத்தனம் பண்ணவில்லை. எத்தனையோ வருஷம் ஒரே வேகத்தில் ஓடிப் பழகினது, காதர்பேட்டைச் சந்தில்கூட வரப்புமேல் நடக்கிற ஆள் போல நிதானமாகப் போனது. அவனுக்கோ வேறொரு பித்து பிடித்தது. வண்டி ஓட்டுகிறபோது சீட்டில் ஈரமண் வாசம் வருகிறது என்றான். மத்தியான வெய்யிலில் தார் ரோட்டில் அலையடிக்குமே கானல், அதைப் பார்த்தால் வாய்க்கால் மாதிரி தெரிகிறது, இரண்டு பக்கமும் மடை திறந்துகொண்டே போகிறேன் என்றான். பின்னால் உட்கார்ந்த வியாபாரிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

எட்டு நாளைக்கு ஒரு தரம், பொழுது செக்கச் செவேலென்று கிளம்புகிறபோது பிளசர் கிணற்றுமேட்டில் நிற்கும். ஜாக்கி ஏறும், பெல்ட்டு விழும், பம்பு ஒரு விக்கல் விக்கிவிட்டு வெள்ளையாய்த் தண்ணீரைக் கொட்டும். எஞ்சின் காயாமல் இருக்க பானெட்டைத் திறந்து, ஈரச் சாக்கு போட்டு, ரேடியேட்டருக்கு மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு இருப்பான் பழனிமுத்து. குழந்தையம்மாள் பாத்திக்குப் பாத்தி மடை மாற்றுவாள். பருத்தி கிறுகிறுவென்று வளர்ந்து இடுப்புக்கு வந்தது.

ஒரு தரம், முறை முடிந்து பெல்ட்டைக் கழட்டும்போது அவன் கேட்டான். "ஏறுங்க்கா. வீரபாண்டி வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம். உங்க எஞ்சின்தானுங்களே."

அவள் காரின் கதவைத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாளும் காரில் ஏறினதில்லையாம். "அவரு சொல்லுவாருங். இந்த எஞ்சின் எத்தனையோ ஊரு பாத்துருக்குது, ஒரு நாளைக்கு உன்னையும் எங்கியாச்சும் கூட்டிட்டுப் போகும்னு. கிண்டலுக்குச் சொல்றது." கையை எடுத்துக்கொண்டாள். "வேண்டாங் தம்பி. வெள்ளச்சீலக்காரி ஏறி எறங்குன வண்டின்னு தெரிஞ்சா உங்களுக்கு எவன் கல்யாண வாடகை குடுப்பான்? போங்க, போங்க."

கல்யாண நாள் நெருங்கியது. பழனிமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். முறை முதல் நாள், கல்யாணம் மறு நாள். ஆஹா, ஆண்டவன் கணக்கு என்று பூரித்துப்போனான். முதல் நாள் காலையில் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போய், விடிந்ததும் பொண்ணை ஏற்றிக்கொண்டு பூண்டிக்குப் புறப்பட வேண்டியதுதான். வண்டியைக் கழுவிக் கண்ணாடியாக்கினான். முன்னால் கட்ட வாழைக்கன்றுகூடச் சொல்லியாகிவிட்டது.

அன்றைக்குப் பொழுது கிளம்பக் கிணற்றுமேட்டுக்கு வந்தால், அங்கே மணியனின் ஆட்கள் மாடு பூட்டி இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னிக்கு அக்கா முறையல்லங்க?" என்றான் பழனிமுத்து.

மணியன் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டுச் சொன்னார். "நடுவால அமாவாசை வந்துச்சேப்பா! அமாவாசையன்னிக்கு எவன் தண்ணி எறைப்பான்? எல்லா முறையும் ஒரு நாள் தள்ளிப்போச்சு. அவளுக்கு நாளைக்கு."

அட கெரகமே! பண்ணையக்காரன் மகன், அமாவாசைக்கு மாடு பூட்டக்கூடாது, தண்ணி இறைக்கக்கூடாது என்று பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவன், ஸ்டேரிங்கைப் பிடித்ததும் அமாவாசையை மறந்துபோனான். கல்யாணத்துக்கு வளர்பிறையை மட்டும் பார்த்தான். பிறை எதிலிருந்து வளர்கிறது என்று பார்க்கவில்லை. முறையை மாற்றிக் கொடுங்கள் என்று மணியனைக் கெஞ்சிப் பார்த்தான். மணியன் கெட்டவரல்ல, ஆனால் கண்டிப்பானவர். "கிணத்து முறைய ஒருக்கா மாத்துனா அப்புறம் தெனமும் பஞ்சாயத்துதான். எங்கப்பன் காலத்துல இருந்து மாத்துனதில்ல" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குழந்தையம்மாள் வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பருத்தி இலையெல்லாம் வெய்யிலுக்கு முன்னாலேயே தொங்கிப்போயிருந்தது. பூவும் பிஞ்சுமாய் நிற்கிற நேரம். இந்த முறை போனால் இன்னும் எட்டு நாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிஞ்சு ஒன்றுகூடத் தங்காது.

"ஒரு முறை தப்புனாத் திரும்பி வரோணும்னு சொன்னது நெசந்தானுங் தம்பி. ஆனாக் கல்யாணத்துக்குச் சொல்லலை. பொண்ணுதான் முக்கியம். நீங்க போங்க." சொல்லும்போது அவள் இவன் முகத்தைப் பார்க்கவில்லை, பருத்தியைத்தான் பார்த்தாள். பழனிமுத்துவுக்கு இருந்தது ஒரே வாய். அவளுக்கு வாக்குக் கொடுத்த வாயும் அதுதான், தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்த வாயும் அதுதான்.

மறு நாள் கோழி கூப்பிடுகிறபோது தெய்வாத்தாளைக் காரில் ஏற்றினார்கள். அரக்குப் பட்டு, தலை கொள்ளாத பூ. வாசலில் வைத்து ஒரு கிழவி சொல்லிவிட்டாள்: ஏறின பொண்ணு கோயில் வாசலில்தான் கால் ஊன்ற வேண்டும், வண்டி நடுவழியில் நிற்கக்கூடாது. பக்கத்தில் மருதாள் உட்கார்ந்தாள். முன்சீட்டு முழுக்கச் சீர்த் தட்டு, தேங்காய், பழம். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நடந்தார்கள். முகூர்த்தம் ஒன்பதுக்கு மேலே. பழனிமுத்து ஏன் இவ்வளவு நேரமே கிளப்புகிறான் என்று மருதாளுக்குப் புரியவில்லை. வீரபாண்டிக்கு முன்னாலேயே வண்டி ரோட்டை விட்டு, இரண்டு வேலிக்கு நடுவே போகிற இட்டேரியில் திரும்பியபோதுதான் புரிந்தது.

"அண்ணா! எங்கீங் போறீங்க?"

அவன் வண்டியைக் கிணற்றுமேட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். கிழக்கே பொழுது அப்போதுதான் நெற்றியைக் காட்டியது. மருதாள் கதவைத் திறந்துகொண்டு கீழே குதித்தாள்.

"உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? பொண்ணு வண்டி நடுவழியில நின்னா வெளங்குமா?"

"வண்டி நிக்காது மருதா. சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் ஜாக்கியை உருட்டினான். இந்த எஞ்சின் யாருடையது, எந்த வாக்குக்கு வந்தது என்று அவளிடம் அதுவரை அவன் சொன்னதில்லை. இப்போது போல்ட்டை முடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். மருதாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சேலைக்காரி தோட்டத்தில், பொண்ணு வண்டி! மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் எரிகிற கொள்ளியை எடுத்துச் சொருகின மாதிரிதான் பேசுவார்கள். குழந்தையம்மாளை அந்தப் பக்கமே காணோம். பொண்ணு வருகிறது என்று தெரிந்ததும், எதிரே வந்துவிடக்கூடாதென்று பருத்திக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பெல்ட்டு விழுந்தது. எஞ்சின் கிளம்பியது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது.

தெய்வாத்தாள் மட்டும் கீழே இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் தூக்கின வண்டி மெல்ல மெல்லக் குலுங்கியது. அவள் ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரையே பார்த்தாள். தண்ணீர் ஓட ஓட, கரை பின்னால் போவது போல இருந்தது. பூவெல்லாம் பின்னால் போயின. கிணற்றுமேடு போயிற்று, வேப்பமரம் போயிற்று. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பழனிமுத்து கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தான். ஐயோ, இவளுக்கும் அதே வியாதி!

"மாமா, எந்த ஊரு வந்துருக்குதுங்?"

"கிணத்தடிதான் கண்ணு."

"இல்லீங் மாமா. நாம ரொம்பத் தூரம் வந்துட்டோம்" என்றாள், கனாவிலிருந்து கலையாமல்.

இதற்குள் முதல் பாத்தி நிரம்பி வரப்பைத் தாண்டிவிட்டது. மடை மாற்ற ஆளில்லை. தண்ணீர் கல்லுக்காட்டில் போய்ப் பாய்ந்தது. மருதாள் பார்த்தாள். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து பண்ணையம் பார்க்கிறவள். எதை வேண்டுமானாலும் பொறுப்பாள், தண்ணீர் வீணாய்ப் போவதைப் பொறுக்க மாட்டாள். "நாசமாப் போச்சு" என்று பட்டுச்சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் சொருகினாள். கிடந்த மம்பட்டியை எடுத்தாள். மூன்று வெட்டில் மடையைத் திருப்பினாள். பிறகு பருத்தியைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏனுங்க்கா! நீங்க ஒளிஞ்சுக்கிட்டா மடை தானாத் திரும்பிக்குமா? வாங்க இங்க! ஒரு ஆளா எத்தனை பாத்திதான் பாக்கறது?"

பருத்தி அசைந்தது. குழந்தையம்மாள் எழுந்து, காரைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும், பட்டும் வெள்ளையுமாய்ச் சேற்றில் நின்று, ஒருத்தி வெட்ட ஒருத்தி அணைக்க, பாத்தி பாத்தியாய்த் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தொங்கின இலையெல்லாம் ஒன்றொன்றாய்த் தலை தூக்குவது பழனிமுத்துவுக்கு அங்கிருந்தே தெரிந்தது. தெரிந்ததோ, அவனாகக் கண்டதோ, நிச்சயமில்லை. அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெய்யில் ஏறியது. "போதும் தம்பி, பூவெடுத்த பக்கமெல்லாம் பாஞ்சாச்சு. மீதி கெடக்கட்டும், நேரமாச்சுங்!" என்று குழந்தையம்மாள் விரட்டினாள். உருளையைக் கழட்டி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினான். மருதாள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். ஏறப் போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள். குழந்தையம்மாள் வண்டிக்கு எதிரே வந்துவிடாமல், பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏறுங்க்கா" என்றாள் மருதாள்.

"அய்யோ! நானுங்களா? என்ன பேச்சுப் பேசறீங்க! பொண்ணுக்கு எதுக்க வரக்கூடாதுன்னுதானே இத்தன நேரம்…"

"எதுக்க வந்தாத்தானுங்க குத்தம். உள்ளார உக்காந்தாக் குத்தம்னு கல்யாணச் சீர் பண்ணற எந்த அருமைக்காரரு சொல்லியிருக்காரு?" மருதாள் அவள் கையைப் பிடித்தாள். "வளையலு என்றது, எஞ்சின் உங்களுது. வண்டியில பாதிக்காரிய வழியில உட்டுப்போட்டு நான் போய் மணவறையில நிக்கறதா? ஏறுங்கங்கறேன்!"

"மாப்பிள்ள ஊட்டுல ஏதாச்சும்…"

"அவங்கள நான் பாத்துக்கறேன்" என்றாள் மருதாள். அவள் சொன்ன தோரணையைப் பார்த்துப் பழனிமுத்துவுக்கு மாப்பிள்ளை வீட்டார்மேல் பரிதாபமாகப் போய்விட்டது.

தெய்வாத்தாள் நகர்ந்து இடம் விட்டாள். சேற்றுக் காலோடு குழந்தையம்மாள் ஏறினாள். காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கியே வைத்திருந்தாள். மருதாள் சீர்த் தட்டு ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள். கீழே வைக்க முடியாது, இறங்கவும் முடியாது. தெய்வாத்தாள் அந்த அம்மாள் தோளில் சாய்ந்துகொண்டு மறுபடியும் கனாவுக்குள் போய்விட்டாள்.

வண்டி இட்டேரி தாண்டித் தார் ரோட்டில் ஏறியது. எஞ்சின் அதே நிதானத்தோடு, அதே சின்ன இருமலோடு போனது. கொஞ்ச தூரம் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, இது அந்தச் சத்தந்தானுங்களா?"

"அதேதானுங்க்கா."

"கெணத்தடியில எத்தனையோ வருசம் கேட்டேன். ஒரு நாளும் எங்கியும் போகல. இன்னிக்குப் போகுதுங் தம்பி" என்றாள்.

பழனிமுத்து கண்ணாடியில் பார்த்தான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. தட்டிலிருந்த தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"என்னுங்க்கா, புகைங்களா?" என்று கேட்டான்.

"ஆமாங் தம்பி" என்றாள் குழந்தையம்மாள், "புகைதான்."

பழனிமுத்து தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டான். அவனுக்கும் புகையாகத்தான் இருந்தது. திருப்பூர் தாண்டிப் பூண்டி போய்ச் சேரும்வரைக்கும், அன்றைக்கு மட்டும், அவன் மேகத்தைப் பார்க்கவில்லை.